பிள்ளைகளின் பராமரிப்பு வழக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ உயர்நீதிமன்றம் வரை

என் இரண்டு பிள்ளைகளும் யாருடைய பராமரிப்பில் வளர வேண்டும் என்ற வழக்கு முடிந்து ஓராண்டுக்கும் மேலாகிவிட்டது. அந்த வழக்கு நடந்த காலத்தில், இதே நிலையைக் கடந்து வந்த ஒரு தமிழ்ப் பெண்ணோ ஆணோ தன் அனுபவத்தை எங்காவது எழுதி வைத்திருக்க மாட்டார்களா என்று இரவு நெடுநேரம் தேடியிருக்கிறேன். கிடைத்தவை எல்லாம் இந்தியச் சட்டத்தைப் பற்றியவை. அவை நம் மலேசிய நீதிமன்றத்தில் உதவாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவள். என் பெற்றோர் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு நாங்கள் பட்டணத்து ஓரத்தில் இருக்கும் மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். நான் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்தில் குடும்பத் தகராறு என்றால் முதலில் உறவினர்கள் பேசுவார்கள், பிறகு ஆலய நிர்வாகத்தினர் பேசுவார்கள், யார் பேசியும் ஆகாதபோதுதான் நீதிமன்றத்தின் பெயரே வாயில் வரும். அந்த வரிசையில் போனதால் கைநழுவிய காலம் எவ்வளவு என்பதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

என் கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுநர். எங்களுக்குள் நெடுநாளாகவே ஒத்துப்போகவில்லை. அந்தக் கதை இங்கே தேவையில்லை. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையின்போது பிள்ளைகளைத் தெலுக் இந்தானில் இருக்கும் தம் தாயார் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. விடுமுறை முடியும் வாரத்தில், பிள்ளைகள் இனி அங்கேயே இருப்பார்கள், மகளை அங்குள்ள தமிழ்ப்பள்ளியில் சேர்க்கப் போகிறேன் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி வந்தது. அன்றிரவே காவல் நிலையத்துக்குப் போனேன். தந்தை தன் பிள்ளைகளை வைத்திருப்பது குற்றமாகாது, நீதிமன்ற உத்தரவு இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்கள். அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. ஆனால் சட்டப்படி அவர்கள் சொன்னதில் பொருள் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். 1961ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவலர் சட்டம் 1999இல் திருத்தப்பட்ட பிறகு, பிள்ளைகள் மீது தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை இருக்கிறது. யாரிடமும் உத்தரவு இல்லாதவரை, பிள்ளைகளை ஒருவர் கையிலிருந்து வாங்கி மற்றவர் கையில் கொடுக்கும் அதிகாரம் காவல் துறைக்கு இல்லை. அப்படியிருந்தும் புகார் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு வருவது நல்லது. பிள்ளைகள் எந்தத் தேதியில் கொண்டு செல்லப்பட்டார்கள், அதற்கு நாம் உடனே மறுப்புத் தெரிவித்தோமா என்ற கேள்வி பின்னால் எழும்போது, அந்தப் புகாரின் நகல்தான் எனக்கு முதல் சான்றாக அமைந்தது.

அடுத்த சில வாரங்கள் சமாதானப் பேச்சில் போயின. என் தாய்மாமா இரு முறை தெலுக் இந்தானுக்குப் போய்ப் பேசினார். "பொறுமையா இரும்மா, பொம்பளப் புள்ள கோர்ட்டுப் படி ஏறினா ஊர்ல என்ன பேசுவாங்க" என்றார். ஆலயத் தலைவர் தைப்பூசம் முடியட்டும் என்றார். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் பராமரிப்பு வழக்கில் காலம் சும்மா கடந்து போவதில்லை என்பதை அவர்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம், மணமுறிவு, பிள்ளைகள் ஆகியவற்றை 1976ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் கவனிக்கிறது. அதன் 88ஆம் பிரிவு, பிள்ளையின் நலனே முதன்மையானது என்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற ஓர் அனுமானத்தையும் அதே பிரிவு வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பாதி இதுதான். 'சின்னப் பிள்ளை அம்மாவுக்குத்தான்' என்பார்கள். தெரியாத பாதி, அந்த அனுமானத்தை எதிர்த்தரப்பு ஆதாரம் காட்டி முறியடிக்கலாம் என்பதும், பராமரிப்பை மாற்றி மாற்றிப் பிள்ளையின் வாழ்க்கையைக் குலைப்பது நல்லதன்று என்பதை நீதிபதி கவனத்தில் கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதும் ஆகும். அதாவது, பிள்ளை ஒரு வீட்டில் பழகி, ஒரு பள்ளியில் நிலைத்து, ஒரு பாட்டியின் கையால் சாப்பிட்டு வளரத் தொடங்கிவிட்டால், அந்தப் பழக்கமே அந்த வீட்டுக்காரருக்குச் சாதகமான வாதமாகிவிடுகிறது. நாங்கள் சமாதானம் பேசிக்கொண்டிருந்த வாரங்களில் என் மகள் புதிய பள்ளியில் நான்காம் ஆண்டைத் தொடங்கிவிட்டாள்.

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மணமுறிவு முடிந்த பிறகுதான் பிள்ளைகளைக் கேட்க முடியும் என்று எல்லாரும் சொல்ல, நானும் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய்ச் சமரசக் குழுவிடம் விண்ணப்பம் கொடுத்தேன். ஒரு தரப்பு மட்டும் மணமுறிவு கேட்கும்போது, சில விதிவிலக்குகள் தவிர, அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி அந்தக் குழுவிடம் முதலில் போயாக வேண்டும் என்பது உண்மைதான். குழுவுக்கு ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு; சமரசம் ஆகாவிட்டால் சான்றிதழ் தருவார்கள். அங்கே வழக்கறிஞர் நமக்காகப் பேச முடியாது, நாமே பேச வேண்டும். கணவன் மனைவி இருவரும் உடன்பட்டுக் கூட்டு மனு கொடுத்தால் இந்தக் குழுவுக்கே போகத் தேவையில்லை. ஆனால் இவை எல்லாம் மணமுறிவுக்கான வழி. பிள்ளைகளின் பராமரிப்புக்கு, மணமுறிவு மனு தாக்கலாகும் முன்பே சிறார் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் உயர்நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பிக்கலாம்; வழக்கு முடியும்வரை பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்று இடைக்கால உத்தரவும் கேட்கலாம். இதை எனக்குச் சொன்னவர் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒரு மலாய்த் தோழி. அவருடைய அக்காளின் வழக்கு ஷரியா நீதிமன்றத்தில் நடந்தது. முஸ்லிம்களுக்கு அந்த நீதிமன்றமே உரியது, சட்டமும் வேறு. இருந்தாலும், "நீங்களும் இடைக்கால உத்தரவு கேட்கலாமே" என்று அவர் கேட்ட பிறகுதான் நான் வழக்கறிஞரைத் தேடினேன். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: பிள்ளை உங்கள் கையில் இல்லை என்றால், மணமுறிவை அதன் வழியில் விட்டுவிட்டு, இடைக்கால உத்தரவுக்கான விண்ணப்பத்தை முதலில் போடுங்கள்.

நான் முதலில் பார்த்த வழக்கறிஞர் 3,000 ரிங்கிட் முன்பணம் வாங்கிக்கொண்டு, என் கணவரின் குடிப்பழக்கம், கடன், அவரைப் பற்றி ஊரில் உலவிய பேச்சு என்று பக்கம் பக்கமாக எழுதி ஓர் அஃபிடவிட் (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) தயாரித்தார். அதைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் நிறைவாகத்தான் இருந்தது. இத்தனை ஆண்டுகள் விழுங்கியதை எல்லாம் யாரோ ஒருவர் வரிசைப்படுத்தி எழுதியது போலிருந்தது. பிறகு வேறு காரணத்தால் வழக்கு இன்னொரு வழக்கறிஞரிடம் மாறியது. அந்த அம்மையார் அதில் முக்கால் பங்கை அடித்துவிட்டு என்னிடம் கேள்விகள் கேட்டார். மகளைப் பள்ளிக்கு யார் கொண்டு விடுவார்கள்? நீங்கள் இரவு ஷிப்டில் இருக்கும்போது பிள்ளைகளோடு யார் படுப்பார்கள்? மகனுக்கு மூச்சிரைப்பு வந்தால் எந்த மருந்தகத்துக்குக் கொண்டு போவீர்கள், கடைசியாக எப்போது போனீர்கள்? ஆசிரியர் சந்திப்புக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள்? "நீதிபதி உங்கள் கணவருக்குத் தண்டனை கொடுக்க உட்காரவில்லை அம்மா, பிள்ளைகளின் திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்றுதான் பார்ப்பார்" என்றார். அது அப்படியே நடந்தது. எதிர்த்தரப்பு என் இரவு ஷிப்டைத்தான் பிடித்துக்கொண்டது. அதற்குப் பதிலாக, என் அம்மா எங்களோடு ஒரே வீட்டில் இருப்பதையும், பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கொடுக்கத் தொழிற்சாலை சம்மதித்திருப்பதையும் கடிதமாக வாங்கி இணைத்தோம். அவர்கள் பக்கத்தில், தந்தை வாரத்தில் பெரும்பாலான இரவுகள் லாரியில் இருப்பதால் பிள்ளைகளை உண்மையில் வளர்ப்பவர் பாட்டிதான் என்பது வெளிப்பட்டது. என் மாமியார் நல்லவர், பிள்ளைகளை அன்பாகவே வைத்திருந்தார். அதை மறுத்து எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொன்னதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஆவணங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிளினிக்கில் கொடுத்த குழந்தைநலப் புத்தகம், தடுப்பூசித் தேதிகள், பாலர்பள்ளிக் கட்டண ரசீதுகள், பள்ளித் தேர்ச்சி அறிக்கையில் இருந்த என் கையெழுத்து, வீட்டு வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு ஆகியவை எனக்கு உதவின. உணர்ச்சிவயப்பட்டு அனுப்பிய நீண்ட செய்திகள் எதுவும் உதவவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பிய புலனச் செய்திகளைச் சான்றாக வைக்க வேண்டுமானால் மலாயில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. எனக்கு அந்த வகையில் மட்டும் 600 ரிங்கிட் போனது. ஆகவே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்காமல், பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்புக்கு நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் ஒருநாள் நீதிபதி படிப்பார் என்று எண்ணியே அனுப்புங்கள். அஃபிடவிட்டில் கையெழுத்திடும் முன், சத்தியப் பிரமாண ஆணையரின் மேசையில் அவசரப்படாமல் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். மலாயில் ஐயமிருந்தால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். நேரில் பேச வேண்டி வந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வழக்கறிஞர் மூலம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

இடைக்கால உத்தரவு வந்த நாள் எனக்குப் பாதி மகிழ்ச்சியும் பாதி இடியுமாக இருந்தது. மகன் ஏழு வயதுக்குட்பட்டவன் என்பதாலும், அவன் இன்னும் பள்ளிக்குப் போகாததாலும், உடனே என்னிடம் ஒப்படைக்க உத்தரவானது. மகள் பள்ளி ஆண்டின் நடுவில் இருப்பதால் அப்போதைக்குத் தெலுக் இந்தானிலேயே இருக்கட்டும், வார இறுதிகளில் என்னிடம் வரட்டும் என்றார் நீதிபதி. உடன்பிறந்தவர்களை எப்படிப் பிரிக்கலாம் என்று வெளியே வந்து அழுதேன். ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் எல்லாரையும் ஒருவரிடமே விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதும், ஒவ்வொரு பிள்ளையின் நலனையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பதும் அதே 88ஆம் பிரிவில் இருக்கிறது. முதல் வாரமே விண்ணப்பித்திருந்தால் மகள் புதிய பள்ளியில் பழகியிருக்க மாட்டாள் என்ற கணக்கு என் மனத்தை விட்டு அகலவே இல்லை. தம்பியும் அக்காளும் ஒரு பள்ளி ஆண்டின் பெரும்பகுதியைத் தனித்தனி வீடுகளில் கழித்தார்கள்.

அதன் பிறகு சமூகநல இலாகா அதிகாரி ஒருவர் இரண்டு வீடுகளையும் பார்வையிட்டார். பிள்ளை நலனில் பயிற்சி உள்ள ஒருவரின் கருத்தை நீதிமன்றம் முடிந்தவரை கேட்க வேண்டும் என்று 100ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கருத்துக்கு நீதிபதி கட்டுப்பட்டவர் அல்லர். அதிகாரி வருகிறார் என்றதும் என் அம்மா வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை மாட்டினார். வந்தவர் திரைச்சீலையைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் படுக்கும் இடம், படிக்கும் மேசை, அக்கம்பக்கத்தில் அவசரத்துக்கு யார் இருக்கிறார்கள் என்பவற்றைத்தான் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு நீதிபதி மகளைத் தம் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசினார். சுயமாகக் கருத்துச் சொல்லும் வயதுள்ள பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்பது சட்டம்; எந்த வயது என்று எண் எதுவும் குறிக்கப்படவில்லை. அவள் உள்ளே என்ன சொன்னாள் என்பதை நான் இன்றுவரை கேட்கவில்லை. தயவு செய்து நீங்களும் கேட்காதீர்கள், முன்கூட்டிச் சொல்லியும் கொடுக்காதீர்கள். பாடம் ஒப்பிக்கும் பிள்ளையை நீதிபதி உடனே கண்டுகொள்வார் என்பது ஒரு காரணம்; அம்மாவா அப்பாவா என்று தேர்ந்தெடுத்த சுமையை அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்கச் சுமக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

முழு விசாரணைக்குத் தேதி குறிக்கும் நேரத்தில், நீதிமன்றமே ஏற்பாடு செய்யும் சமரசப் பேச்சுக்கு உடன்படுகிறீர்களா என்று கேட்டார்கள். வழக்கை விசாரிக்கும் நீதிபதி அல்லாமல் வேறொரு நீதிபதி நடுவராக இருப்பார், தனிக் கட்டணம் இல்லை, அங்கே பேசியது ஒத்துவராமல் போனால் விசாரணையில் பயன்படுத்த முடியாது. நான் நம்பிக்கையில்லாமல்தான் போனேன். நடுவர் எங்கள் இருவரிடமும் நாட்காட்டியைக் கொடுத்து, அடுத்த ஆண்டுக்கான ஒவ்வொரு விடுமுறையையும் குறிக்கச் சொன்னார். யார் நல்லவர் என்ற பேச்சு அந்த அறையில் எழவே இல்லை. அன்று உருவான ஏற்பாடுதான் பின்னர் இருவர் சம்மதத்தோடும் உத்தரவாகப் பதிவானது. பராமரிப்பு உரிமை இருவருக்கும் கூட்டாக இருக்கும்; பள்ளி, பெரிய சிகிச்சை, மதம் போன்ற முடிவுகளை இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டும். அன்றாடப் பராமரிப்பும் கட்டுப்பாடும் என்னிடம். மகள் அந்தப் பள்ளி ஆண்டை முடித்துவிட்டு என்னிடம் வருவாள். அதன் பிறகு மணமுறிவுக்கும் கூட்டு மனுவே போட்டோம். தீர்ப்பு வந்து மூன்று மாதம் கழித்து அது முழுமையானது.

உத்தரவின் வாசகத்தில் கவனமாக இருங்கள். தந்தை 'நியாயமான அளவில்' பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று மட்டும் எழுதினால், ஒவ்வொரு வாரமும் எது நியாயம் என்ற சண்டை தொடரும். எங்கள் உத்தரவில், எந்தெந்த வார இறுதி, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு, எந்தப் பெட்ரோல் நிலையத்தில் ஒப்படைப்பது, லாரி ஓட்டம் காரணமாக வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், தீபாவளி எந்த ஆண்டு யாரிடம், பள்ளி விடுமுறையின் எந்தப் பாதி யாரிடம், காணொளி அழைப்பு எந்த நாட்களில் என்பன எல்லாம் இருக்கின்றன. மற்றவரின் எழுத்துவழிச் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லக் கூடாது என்ற நிபந்தனையையும் கேட்டு வாங்கினோம். முத்திரையிட்ட உத்தரவின் உறுதிப்படுத்திய நகல்களைக் கூடுதலாக எடுத்து, ஒன்றைப் பள்ளியிலும் ஒன்றைக் கைப்பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். மீறினால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்க வசதியாக, அதற்கான எச்சரிக்கை வாசகம் உத்தரவில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். உத்தரவு கிடைப்பதும் பிள்ளை கிடைப்பதும் வேறு வேறு என்பதைப் பேராக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற தாய்க்கு மூன்று பிள்ளைகளின் பராமரிப்பு உரிமையையும் 2010இலேயே உயர்நீதிமன்றம் வழங்கியது. தாயின் சம்மதம் இல்லாமல் தந்தை மட்டும் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இருந்தும் 2009இல் பதினொரு மாதக் குழந்தையாகத் தந்தை கொண்டு சென்ற கடைசி மகளுக்காக அந்தத் தாய் எத்தனை ஆண்டுகள் போராட நேர்ந்தது என்பதை நாடே பார்த்தது.

பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத்தைப் பொறுத்தவரை, பிள்ளை யாரிடம் இருந்தாலும் தந்தையின் பொறுப்பு நீங்குவதில்லை. முன்பு பெரும்பாலும் பதினெட்டு வயதோடு நின்றது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு மேற்படிப்போ பயிற்சியோ முடியும்வரை கேட்க வழி இருக்கிறது. பணம் வராத மாதத்தில் பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்று மறுப்பதும், பிள்ளையைக் காட்டாததால் பணம் தர மாட்டேன் என்பதும் இரண்டுமே தவறு, இரண்டும் நீதிபதியிடம் எடுபடா. இரண்டு மாதம் பணம் வராதபோதும் நான் பிள்ளைகளை அனுப்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் அனுப்பினேன். பாக்கியை வழக்கறிஞர் கடிதம் அனுப்பி வசூலித்தோம்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வழக்கறிஞர்களுக்கும் சேர்த்து 11,000 ரிங்கிட்டுக்கு மேல் ஆனது. சம்பளமில்லா விடுப்பும், பறிபோன வருகைப் படியும் தனி. சங்கிலியும் வளையலும் அடகுக் கடைக்குப் போயின. சங்கிலியை மீட்டுவிட்டேன், வளையல் ஏலத்துக்குப் போய்விட்டது. அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா, வருமானத் தகுதியைப் பார்த்து, முஸ்லிம் அல்லாதவர்களின் மணமுறிவு, பராமரிப்பு வழக்குகளையும் குறைந்த செலவில் எடுத்து நடத்துகிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் பல மாநிலங்களில் இருக்கின்றன. சம்பளச் சீட்டு, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு முதலில் அங்கே போய்க் கேட்டுவிட்டு, தகுதி இல்லை என்றால் மட்டும் தனியார் வழக்கறிஞரிடம் செல்லுங்கள். கட்டணத்தில் எவை எவை அடங்கும், இடைக்கால விண்ணப்பத்துக்குத் தனியாகக் கேட்பார்களா என்பதை முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இறுதி உத்தரவு என்று பெயர் இருந்தாலும், சூழ்நிலை மாறினால் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 96ஆம் பிரிவின் கீழ் அதை மாற்றக் கேட்கலாம். மகள் விரைவில் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். சனிக்கிழமைகளில் புறப்பாட நடவடிக்கை இருக்கும் என்பதால் வார இறுதி ஏற்பாடு ஒத்துவராது. இம்முறை அவரும் நானும் புலனத்திலேயே பேசி, அவர் சனி மதியம் பள்ளி வாசலில் இருந்தே அழைத்துச் செல்வது என்றும், விடுமுறையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது என்றும் முடிவு செய்திருக்கிறோம். வாய்ப்பேச்சாக விடாமல், சம்மத உத்தரவாகப் பதிய அவருடைய வழக்கறிஞரும் என்னுடையவரும் வரைவைப் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கான செலவை இருவரும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.